வலை வைத்த ரப்பர்

என் அண்ணன் குடிக்க மாட்டார். மற்றதைப் பிறகு சொல்கிறேன், இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நான் வேலைக்குத் திரும்பிய முதல் காலையிலேயே எங்களை வேலை வாங்குகிற மண்டோர் அத்தனை பேர் முன்னால் அவரைக் குடிகாரன் என்று சொன்னார்.

நானும் அண்ணனும் மலேசியாவில் ஜுரு என்ற ஊரில் ஒரே ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அன்று காலை வாசலில் ஒரு லோரி நின்றது. நாங்கள் செய்து அனுப்பிய ரப்பர் பலகைகள் அதில் திரும்பி வந்திருந்தன. படகு வந்து இடிக்கும்போது அடி தாங்குவதற்காக ஜெட்டிப் படகுத்துறை ஓரத்தில் தொங்கவிடும் கனமான பலகைகள் அவை. உறுதிக்காக உள்ளே பழைய மீன்பிடி வலையை வைத்துச் செய்தவை. மண்டோர் ஒன்றை இழுத்துத் தரையில் போட்டார். ஓரத்தில் விரலைவிட்டு இழுத்தார். வலை தனியாக, ரப்பர் தனியாகப் பிரிந்து வந்தது.

“பாருங்கலா, ரொட்டி சானாய் மாதிரி ஏடு ஏடா வருது. யாரு கலந்தது இது?”

யார் கலந்தது என்று அவருக்குத் தெரியும். மில்லில் நின்று ரப்பரையும் மருந்தையும் கலந்தது என் அண்ணன்.

“கலந்தவன் போய்ச் சேந்துட்டான். கடைசி நாளு நானே பாத்தேன். கண்ணு ரெண்டும் செவந்து தள்ளாடிக்கிட்டு நிக்கிறான். சம்சு சாராயம் போட்டுட்டு கலந்தா இப்படித்தான் வரும். கிராணியாரே, அப்படியே எழுதுங்க.”

“எங்கண்ணன் விரதம் இருந்தாரு” என்றேன்.

“விரதம் இருக்கறவன்தான் பாப்பா மொதல்ல போத்தல தொறப்பான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கையில் வலை வெட்டுகிற கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தேன். வைக்காமல் இருந்திருந்தால் இதை எங்கிருந்து எழுதிக்கொண்டிருப்பேனோ தெரியாது.

கிராணி, அதாவது எங்கள் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிறவர், கையில் வைத்திருந்த தாளில் எழுதினார். இங்கிலீஷில் எழுதினார். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாள் எங்கே போகும் என்று தெரியும். முதலாளிக்குப் போகும், அவரிடமிருந்து பலகை வாங்கிய ஜெட்டிக்காரர்களுக்குப் போகும். அந்த ஜெட்டியில்தான் என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வலை பொறுக்கினார். அங்கே எல்லாருக்கும் அவரைத் தெரியும். இருபத்தாறு வயதில் செத்துப்போன மனிதனுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது? வீடு இல்லை, பிள்ளை இல்லை. பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு தாளில் எழுதி அழிக்கப் பார்த்தார்கள்.

நாங்கள் பினாங்குத் தீவில் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒரு அறை எடுத்து இருந்தோம். அம்மா, அண்ணன், நான். அப்பா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். விடிந்ததும் ஃபெரி ஏறி பட்டர்வொர்த் போவோம், அங்கிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஜுரு. அப்போது தீவையும் கரையையும் சேர்க்கும் பாலம் இன்னும் திறக்கவில்லை. கடலுக்குள் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஃபெரியில் அண்ணன் தூண்கள் தெரிகிற பக்கமாகத்தான் நிற்பார்.

“பாப்பா, வெறும் சிமெண்டு ஊத்துனா அது நிக்காது, தெரியுமா? உள்ள கம்பி வெச்சிருக்கான்.”

“அதுக்கென்னா?”

“நம்ம பலகை ஏன் சும்மா சும்மா கிழியுது? உள்ள ஒண்ணுமே இல்ல.”

அப்போதெல்லாம் நாங்கள் வெறும் ரப்பரில்தான் பலகை செய்தோம். படகின் இரும்பு ஒரு இடத்தில் கிழித்துவிட்டால் கிழிசல் ஓடிக்கொண்டே போகும். அந்த ஜெட்டியிலேயே இன்னொரு பக்கம் கிழிந்த நைலோன் வலைகள் குவிந்து கிடக்கும். மீன்பிடிக்கிறவர்கள் அதைக் கடலில் தள்ளிவிடுவார்கள், இல்லாவிட்டால் கொளுத்துவார்கள். கொளுத்தினால் வருகிற நாற்றம் எங்கள் மாடிவரை வரும். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கு எடுத்துக்கொண்டு போய் அதில் நிறைய வலை கொண்டுவந்தார். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறினோம். எங்களைச் சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

“பாத்தியா, இந்த ஃபெரியிலயே நமக்குத்தான் எடம் ஜாஸ்தி” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தெரியாதவள் மாதிரி கொஞ்சம் தள்ளி நின்றேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

மண்டோர் அந்தச் சாக்கைத் திறந்து பார்த்து, “மீனு எங்கடா? வலைய மட்டும் கொண்டாந்திருக்க?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார். அவருக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டுக் கோபம் முழுவதும் எனக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

முதலில் வலையைத் துண்டு துண்டாக வெட்டி ரப்பரோடு மில்லில் போட்டார். நீளமாக இருந்த நூல்கள் உருளையில் சுற்றிக்கொண்டன. மில்லை நிறுத்திக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருந்தது, மண்டோரிடம் திட்டு. அடுத்து இரண்டு ரப்பர் ஷீட்டுக்கு நடுவில் வலையை அப்படியே விரித்து, சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒட்டவில்லை. நைலோன் ரப்பரைப் பிடிக்காது. பிறகு வலையை ரப்பர் பாலில் ஒட்டு மருந்து கலந்து முக்கி, காயவைத்து, அதன் பிறகு நடுவில் வைத்தார். அது பிடித்தது. முதலாளி வந்து இரும்புக் கொக்கியை மாட்டி இரண்டு ஆளை விட்டு இழுக்கச் சொன்னார். கிழியவில்லை. அதோடு மண்டோர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, “நாந்தான் செய்யச் சொன்னேன்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

வலை வேலைக்கு நான்கு பெண்களைப் போட்டார்கள். நான் ஒருத்தி. எங்களில் மூத்த அக்காவுக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். வலையில் கட்டியிருக்கும் ஈயக்குண்டு, மிதவை, காய்ந்த நண்டுக்கால், செதில் எல்லாவற்றையும் எடுப்போம். உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசுவோம். சோப்புப் போடக்கூடாது, சோப்பு தங்கினால் ரப்பர் ஒட்டாது. காய்ந்தபின் அளவாக வெட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி அண்ணனிடம் கொடுப்போம். அவர் ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பார். டீசல் வாடை வந்தால் ஒதுக்கிவிடுவார்.

“எண்ணெ பட்ட வலை வேணாங்க்கா. எண்ணெ பட்டா பால் பிடிக்காது.”

நாங்கள் சரி சரி என்போம். எண்ணெய் என்றால் எங்களுக்கு டீசல், எஞ்சின் எண்ணெய். தொழிற்சாலையில் வேறு என்ன எண்ணெய்?

மார்கழி வந்தது. அண்ணன் அந்த வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பால்குடம். மற்ற இரண்டு பேரும் விரதம், அண்ணனுக்காக நானும் விரதம். நாங்கள் நான்கு பேரும் மீனைத் தொடக்கூடாது. ஆனால் நாள் முழுக்கக் கை வைத்திருப்பது மீன் வலையில். குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. ஒரு சாயங்காலம் நான் விளக்கில் திரி போடப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

“சாமி வெளக்க தொடாத. கையெல்லாம் மீன் கவிச்சி.”

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு குப்பி தேங்காய் எண்ணெய் கொண்டுபோனேன். மீன் ஆய்வதற்கு முன்னால் அம்மா கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார், அப்படிச் செய்தால் வாடை தோலில் ஏறாது. அக்காவுக்கும் அது தெரியும். நான்கு பேரும் தேய்த்துக்கொண்டோம். உண்மையாகவே வாடை குறைந்தது.

“நல்லாருப்படி நீ” என்றார் அக்கா. “இத்தினி நாளா எனக்குத் தோணல பாரு.”

தலைக்கு வைக்கிற எண்ணெய், சாமி விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய். அதைப் போய் டீசலோடு சேர்த்து எண்ணெய் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. விரதம் முழுக்க, தினமும், வலை தொடுவதற்கு முன்னால் தேய்த்தோம்.

அண்ணனுக்குத் தெரிந்தது. காரணம் தெரியவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வலையைப் பாலில் முக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, பால் சரியா பிடிக்க மாட்டேங்குதே. டீசலு கீசலு பட்டுச்சா?”

“இல்லண்ணே” என்றேன்.

மோந்து பார்த்தார். மீன் வாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும் வந்திருக்கும். அந்த எண்ணெய் வாடை எங்கள் தலைகளில் எப்போதும் இருப்பதுதானே, அவர் தலையிலும் இருந்தது. அதை அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? இரண்டாம் முறை முக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே முக்கினார். அன்றுதான் அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது.

வீட்டுக்குப் போகட்டுமா என்று மண்டோரிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன், என் காதாலேயே கேட்டேன்.

“இந்த லோடு முடியட்டும்டா. அப்பறம் போய்ப் படு.”

இரண்டு நாள் காய்ச்சலோடு மில்லில் நின்றார். கண் சிவந்துதான் இருந்தது. தள்ளாடத்தான் செய்தார். அதைத்தான் மண்டோர் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். அவ்வளவுதான். அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது.

சாவு வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டார் என்று பேசினார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கும்படியே பேசினார்கள். தைப்பூசம் வந்தபோது எங்களுக்குத் தீட்டு, கோயிலுக்குப் போக முடியாது. வெள்ளி ரதம் போகிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் அறை. மேளச் சத்தம் வந்ததும் சன்னலைச் சாத்தினேன். அம்மா திறந்தார். நான் மறுபடியும் சாத்தினேன். முருகனோடு எனக்கு இன்றுவரை பேச்சு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் வேலைக்குத் திரும்பினேன், லோரி வந்து நின்றது.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் கிராணியிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்தவர். யாரோடும் அதிகம் பேச மாட்டார்.

“என்னா எழுதுனீங்க? தமிழ்ல சொல்லுங்க.”

அவர் தாளைப் பார்த்துச் சொன்னார். “மில்லில் வேலை செய்தவர் மது அருந்தியிருந்ததாக நம்பப்படுகிறது. அப்பிடித்தான் இருக்கு.”

“நம்பப்படுதுன்னா? யாரு நம்புறா? நீங்க நம்புறீங்களா?”

“பிள்ளை, எனக்குச் சொன்னதை நான் எழுதுறன்.”

“அத கேக்கல. நீங்க நம்புறீங்களா?”

அவர் பேனாவை மூடினார். வெளியே மண்டோர் இருக்கிறாரா என்று பார்த்தார்.

“வேற காரணம் இருந்தாக் கொண்டு வா. முதலாளி வெள்ளிக்கிழமை வாறார். அதுவரைக்கும் இதை நான் குடுக்க மாட்டன்.”

அன்று திங்கட்கிழமை. இரண்டு நாள் முழுக்க யோசித்தேன். அண்ணன் ரப்பரில் கந்தகம் குறைவாகப் போட்டிருப்பாரோ? மாட்டார். தராசு முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுக்கிறவர். பிரஸ்ஸில் சூடு குறைந்திருக்குமோ? அதே பிரஸ்ஸில் செய்த வேறு சாமான்கள் நன்றாக இருந்தன. செவ்வாய் சாயங்காலம் ஃபெரியை விட்டு இறங்கி நேராக ஜெட்டிக்குப் போனேன். தீபாவளிக்கு முன்னால் செய்த பலகைகள் அங்கே இன்னும் தொங்கின. நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை. அதே அண்ணன், அதே மில், அதே வலை. இடையில் என்ன மாறியது?

புதன்கிழமை கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா பாதிப் பலாப்பழம் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா தரையில் நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்தார்.

“அந்த எண்ணெ குப்பிய எடு.”

எடுத்துக் கொடுத்தேன். நான் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன அதே குப்பி. அம்மா கையிலும் கத்தியிலும் எண்ணெயைத் தடவினார்.

“ஏம்மா தடவுற?” என்று கேட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

“இல்லாட்டி பால் ஒட்டிக்கும்ல.”

பலாவின் பால் கையில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவுகிறோம். ரப்பரும் பால்தான். ஒரு மாதமாக நாங்கள் நான்கு பேரும் வலைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பக்தியாக, தினமும், கை நிறைய.

“நாந்தாம்மா” என்றேன்.

“என்னா நீ?”

சொன்னேன். அம்மாவுக்கு மில், பிரஸ், மருந்து எதுவும் புரியாது. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

“அப்போ அவன் குடிக்கல?”

அந்தக் கேள்விக்காக நான் அம்மாவிடம் நான்கு நாள் பேசவில்லை. பெற்றவருக்கே ஒரு மூலையில் அந்தச் சந்தேகத்தைப் போட்டுவிட்டார்கள், பாருங்கள்.

வியாழக்கிழமை காலை வலை அலசும் தொட்டியடியில் மூன்று பேரிடமும் சொன்னேன். நடந்தது எண்ணெயால், நாளைக்கு முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வலையைக் கீழே போட்டார்.

“எண்ணெ கொண்டாந்தது யாருடி? நீதான?”

“நாந்தான். இல்லேன்னா சொன்னேன்?”

“அப்போ உன்னோட எங்களையும் சேத்து வெளிய தள்ளுவான் மண்டோரு. எனக்கு மூணு இருக்கு. நீ வந்து சோறு போடுவியா?”

“அதுக்கு எங்கண்ணன் குடிகாரனா?”

“ஏய், செத்தவரு மேல விழுந்தா அவருக்கு வேலையா போவப்போவுது? இருக்கறவங்க பொழைக்கணும்ல?” பிறகு குரலை இறக்கி, “ஒங்கண்ணன் இருந்திருந்தா அவரே சொல்லிருப்பாரு, எம்மேல போடுங்கக்கான்னு. அவரு மனசு எனக்குத் தெரியும்” என்றார்.

அவர் சொல்லியிருப்பார்தான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவர் தானாகக் கொடுத்திருக்கக்கூடியதை, கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். இழவுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவர்தான் இந்த அக்கா. லோரி வந்த அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றவரும் இவர்தான்.

“அப்படி ஒரு சோறு ஒங்க புள்ளைங்களுக்கு எறங்குமா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அக்கா அழுதார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றே இரண்டு வலைத்துண்டு எடுத்தேன். ஒன்றை வெறும் கையால் வெட்டிச் சட்டத்தில் கட்டினேன். இன்னொன்றுக்குக் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே பாலில் முக்கினேன். எண்ணெய் பட்ட வலையில் பால் அங்கங்கே விலகி நின்றது. இதைத்தான் அண்ணன் எனக்குக் காட்டினார். காய்ந்ததும் பிரஸ்ஸில் வேலை செய்கிற மலாய்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அண்ணனோடு ஐந்து வருஷம் நின்றவர். எதற்கு என்று கேட்கவில்லை. வாங்கி ரப்பருக்கு நடுவில் வைத்து அழுத்திக் கொடுத்தார். ஆறும்வரை காத்திருந்து ஓரத்தில் விரலைவிட்டு இழுத்தேன். எண்ணெய் பட்டது தோல் மாதிரி உரிந்தது. இன்னொன்றில் என் நகம் உடைந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். மண்டோர் அவரோடு மில் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நான் நேராகப் போய் இரண்டு துண்டையும் மில் மேடையில் வைத்தேன்.

“வேலைய பாரு போ” என்றார் மண்டோர்.

“முதலாளி பாக்கட்டும்.”

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். முதலாளி ஒன்றை உரித்தார். இன்னொன்றை உரிக்கப் பார்த்து முடியாமல் விட்டார். உரிந்ததை மூக்கருகே வைத்து மோந்தார்.

“மின்யாக் கெலாப்பா?” என்றார். தேங்காய் எண்ணெயா என்று.

“ஆமாம்.”

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்குச் சந்தோஷம். மருந்திலோ மெஷினிலோ கோளாறு இல்லை, எண்ணெயை நிறுத்தினால் போதும், தொடர்ந்து பலகை செய்யலாம். ஒரு மனிதனின் மானம் அந்த மேடையில் கிடப்பது அவருக்குத் தெரியவே இல்லை. மண்டோருக்குத் தெரிந்தது.

“யாரு தேச்சது? எல்லா பொம்பளைங்களுமா?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தொட்டியருகே மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

“நான் மட்டுந்தான்” என்றேன்.

என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று பேர் பெயரையும் சொன்னால் மூன்று பேரும் இல்லை என்பார்கள். பேச்சு அப்படியே சுற்றிக் குடித்ததிலேயே வந்து நிற்கும். என் பெயர் ஒன்று போதும். அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

“அந்தத் தாளை மாத்தணும்” என்றேன். “குடிச்சாருன்னு எழுதுனது இருக்கக்கூடாது.”

என்ன தாள் என்று முதலாளி கேட்டார். கிராணி கொண்டுவந்து காட்டினார். முதலாளி படித்துவிட்டு, ஆள்தான் செத்துவிட்டானே, எது எழுதினால் என்ன என்பது மாதிரி கையை விரித்தார். பிறகு மாற்றிக்கொள் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கிராணி என் கண்முன்னாலேயே புதிதாக டைப் அடித்தார். தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். வலை சுத்தம் செய்த பெண் தொழிலாளி கையில் எண்ணெய் தடவியிருந்ததால் ரப்பர் ஒட்டவில்லை. பழைய தாளைக் கிழிக்கச் சொன்னேன். கிழித்தார்.

“சரியா, பிள்ளை?” என்றார்.

சரி இல்லை. மண்டோரிடம் போனேன்.

“அன்னிக்கி எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இன்னிக்கி எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, குடிக்கலன்னு.”

“தாள்ல மாத்தியாச்சில்ல?”

“காய்ச்சலோட நிக்க வெச்சீங்க. லீவு கேட்டப்போ லோடு முடியட்டும்னீங்க. குடிச்சிருந்தான்னா ஒங்க மேல தப்பு இல்ல. அதுக்குத்தான அப்படிச் சொன்னீங்க?”

அவர் முகம் கறுத்தது. “நீ நாளையிலேருந்து வர வேணாம்” என்றார்.

“சொல்லுங்க.”

“செரி செரி, குடிக்கல. போம்மா.”

ஈயை விரட்டுகிற மாதிரி சொன்னார். கேட்டவர்கள் பிரஸ்காரரும் நானும்தான். அன்று அத்தனை பேருக்குக் கேட்ட குரல் இன்று எங்கே போனது?

நான் கிளம்பும்போது அக்கா வாசலருகே வந்து என் கையைப் பிடித்தார். கையை உருவிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே இப்போதும் வலை வைத்துத்தான் பலகை செய்கிறார்களாம். பெண்களுக்குத் துணிக் கையுறை கொடுத்திருக்கிறார்களாம்.

எனக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஐந்தாறு மாதம் கழித்து ஒரு காலை, ஃபெரியில் என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்தார். நல்ல முகம். எந்த ஊர், எங்கே வேலை என்று பேசிக்கொண்டே வந்தார். முன்னால் ஜுருவில் இருந்தேன் என்றதும் அவர் கண் விரிந்தது.

“ஐயோ, குடிச்சிட்டு கலந்து அத்தினி சாமானையும் கெடுத்துட்டு செத்தானாமே மில்லுக்காரன் ஒருத்தன், அங்கயா?”

தாளை மாற்றியாயிற்று. தாளை யார் படிக்கிறார்கள்? அந்த வார்த்தை என்னைவிட வேகமாகத் தண்ணீரைத் தாண்டி வந்து இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தது.

கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் இன்னொரு கதைதான் பிறக்கும், மில்லுக்காரன் தங்கச்சி ஃபெரியில் பைத்தியம் மாதிரி கத்தினாளென்று.

“அவரு தங்கச்சிதாங்க்கா நானு” என்றேன். “கெடுத்தது நான். கேளுங்க.”

அவர் பயந்து எழுந்திருக்கப் பார்த்தார். “ஐயோ, மன்னிச்சிரும்மா, தெரியாம...”

“உக்காருங்க. முழுசா கேட்டுட்டுப் போங்க.”

வலை, எண்ணெய், பலாப்பழம், காய்ச்சல், எல்லாம் சொன்னேன். ஃபெரி கரை தட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். பட்டர்வொர்த் வந்துவிட்டது. கதவு இறங்கியது, எல்லாரும் இறங்கினார்கள், நான் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன். ஃபெரிக்காரன் எங்களைப் பார்த்துக் கத்தினான்.

“பாவம்மா” என்றார் அந்தப் பெண்.

“பாவம்லாம் வேணாங்க்கா. ஒங்களுக்கு இத யாரு சொன்னா?”

“எங்க நாத்தனா.”

“அவங்ககிட்ட இன்னிக்கே போய்ச் சொல்லுங்க. அவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டு, அவங்ககிட்டயும் சொல்லச் சொல்லுங்க.”